மிச்சத் தண்ணீர்

மேகலா பிளாட்ஸின் மூன்றாவது மாடியில், பஸ் டிரைவர் சோணைமுத்து இறந்த பதினோராம் நாள் காலை ஏழரை மணிக்கு, செருப்பு அலமாரியின் மேலே இருந்த மணி பிளாண்ட் ஒரு புது இலையை விரித்து, இரண்டாவது மாடி பர்வதவர்த்தினி டீச்சரின் குரலில், "எங்க வீட்டு மிக்ஸி ஜாரு உங்க வீட்லதான் இருக்கு, கேத வீட்ல அத எப்படிக் கேக்குறது" என்று சொன்னது. சோணைமுத்துவின் மனைவி அங்கயற்கண்ணி அப்போது காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய் மேல்தட்டில் தேடினாள். ஜார் இருந்தது. கழுவித் துடைத்து மூடியோடு கொண்டுபோய்க் கொடுத்தாள். "யாரு சொன்னா?" என்று டீச்சர் கேட்டார். "செடிதான் டீச்சர்" என்றாள். "அப்படியா" என்று டீச்சர் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்.

செடி எப்படிப் பேசியது என்று கேட்கிறவர்களுக்கு எங்கள் பிளாட்ஸில் யாரும் பதில் சொல்வதில்லை. என்ன பேசியது என்று கேட்டால் உட்காரவைத்துச் சொல்வோம். எதிர்வீட்டுக்காரன் என்பதால் நான் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்வேன்.

மதுரையில் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும். வந்தவர் தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு மடக்குக் குடிக்க வேண்டும். முழுதும் குடித்தால், பாவம் வெயிலில் அலைந்து வந்திருக்கிறார் என்று இன்னொரு செம்பு வந்துவிடும் என்பதால் பாதியை மிச்சம் வைப்பார்கள். சாவு வீட்டுக்குக் கேதம் கேட்கப் போகும்போது மிச்சம் இன்னும் அதிகமாக விழும், ஏனென்றால் அங்கே சொல்ல வந்ததில் பாதியைத்தான் யாரும் சொல்வார்கள். புறப்படும்போது "போயிட்டு வரேன்" என்றுகூடச் சொல்லக் கூடாது, இன்னொரு கேதத்துக்கு வருவேன் என்று ஆகிவிடும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். அப்படிப் போனவர்கள் எல்லோரும், கையிலிருந்த மிச்சத் தண்ணீரை என்ன செய்வது என்று தெரியாமல், வாசலருகே இருந்த செடியில் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். அந்த வாரம் பார்த்து அடுக்களை சிங்க் வேறு அடைத்துக் கிடந்தது. துக்க வீட்டில் ஏதோ ஒன்றுக்கு உதவியது போலவும் அவர்களுக்கு இருந்தது. பதினாறு நாளில் இருநூறு டம்ளராவது அதில் போயிருக்கும், ஒவ்வொரு டம்ளரிலும் சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியம் இருந்திருக்கும் என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

ஆனால் அந்தச் செடியில் விழுந்த முதல் மிச்சம் சோணைமுத்துவினுடையது. மணி பிளாண்ட் அந்த வீட்டுக்கு வந்து அப்போது நாலு நாள்தான் ஆகியிருந்தது. கூட வேலை பார்ப்பவரின் மகள் கல்யாணத்தில், தேங்காய்ப் பைக்குப் பதிலாக, மாப்பிள்ளை பெண் பெயர் அச்சடித்த வெள்ளைப் பீங்கான் குவளையில் ஆளுக்கொரு செடி கொடுத்தார்கள். அதே கல்யாணப் பந்தியில்தான் சோணைமுத்து ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்துவிட்டு, "இப்படி ஒரு ரசம் குடிச்சு எத்தனை வருசமாச்சு" என்று வரிசையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பக்கத்து இலையில் அங்கயற்கண்ணி இருந்தாள். அன்றிலிருந்து அவள் அவரோடு பேசவில்லை, அவரும் பேசவில்லை.

இருபத்திரண்டு வருஷ தாம்பத்தியத்தில் அந்த வீட்டில் மன்னிப்பு என்று யாரும் யாரிடமும் கேட்டதில்லை. நாலைந்து நாள் மௌனமாக இருப்பார்கள். பிறகு இருவரில் ஒருவர், "கேஸ் தீரப்போகுது போல" என்றோ "இந்த ஃபேன் என்ன இப்படிச் சத்தம் போடுது" என்றோ ஒரு சாதாரணப் பேச்சை எடுப்பார். மற்றவர் "ஆமா, பார்க்கணும்" என்பார். சண்டை முடிந்தது. எடுத்த பேச்சுக்குப் பதில் வராத வரை முடியவில்லை என்று பொருள். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எங்களுக்கே இந்த முறை மனப்பாடம்.

அவர் இறந்த அன்று காலையில் அவள் டம்ளரில் தண்ணீரைக் கொண்டுவந்து ஒன்றும் சொல்லாமல் செருப்பு அலமாரியின் மேல் வைத்தாள். அவர் நின்றபடி பாதி குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு, "கயலு" என்று கூப்பிட்டார். அவள் திரும்பினாள். அதற்குள் டிப்போவிலிருந்து போன் வந்துவிட்டது. "சரி, வந்து சொல்றேன்" என்று அவளிடம் சொன்னாரா போனில் சொன்னாரா என்று தெரியாத மாதிரி சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவள் மிச்சத் தண்ணீரைச் செடியில் ஊற்றினாள். ஒரு மணி நேரம் கழித்து, பஸ்ஸில் ஏறுமுன், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

ஆகவே செடி பேசத் தொடங்கியபோது அங்கயற்கண்ணிக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம்தான். கோபத்தோடு போனாரா, கோபம் ஆறிப் போனாரா என்று அவள் தெரிந்துகொள்ள வேண்டும். அதை வெளியே சொல்லவில்லை. ஆனால் தினமும் ஏழரைக்கு, காபி ஆறி ஆடை படியும் வரை, அவள் செருப்பு அலமாரியின் முன்னால் நின்றாள்.

செடி ஒரு நாளைக்கு ஓர் இலை விட்டது, சில நாள் இரண்டு. ஓர் இலை ஒரு தடவைதான் பேசும். எந்தத் தண்ணீர் முதலில் போனது என்ற வரிசையெல்லாம் அதற்கு இல்லை. "என் புருசன் இப்படிப் போனா நான் இவ்வளவு அழுவேனான்னு தெரியல" என்று ஒரு நாள் ஒரு பெண் குரல் சொன்னது. அது யார் குரல் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், இன்று வரை யாரும் சொன்னதில்லை. எங்கள் அசோசியேஷன் தலைவர், மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற ஞானதிரவியம் சாரின் இலை, "ரிட்டயர் ஆனதுலேர்ந்து வீட்ல யாரும் என்கிட்ட எதுவும் கேக்குறதில்ல" என்றது. அவர் மனைவி அதைப் படியில் நின்று கேட்டார். மறுநாளிலிருந்து தினமும், இன்றைக்கு என்ன சமைக்கட்டும் என்று அவரிடம் கேட்டுவிட்டு, தான் நினைத்ததைச் சமைத்தார். சாருக்கு முகமே மாறிவிட்டது. எனக்கும் ஓர் இலை விரிந்தது, அது சொன்னது இங்கே தேவையில்லை.

அந்த மாதக் கூட்டத்தில் லிஃப்ட் ரிப்பேருக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவில் செடி விஷயத்தை எடுத்தோம். ஏழரைக்குப் படியில் மூன்று வரிசைக்கு மேல் உட்காரக் கூடாது, குரல் யாருடையது என்று தெரிந்ததும் மற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும், செருப்பை ஒரு மாடி கீழே விட வேண்டும் என்று முடிவானது. காதைப் பொத்தினோம்தான், விரலைக் கொஞ்சம் தளர்த்தி வைத்துக்கொண்டோம்.

இதற்குள் முதல் மாடி மருமகள் ஒரு காரியம் செய்தாள். கேதம் எல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு நாள் தன் வீட்டு டம்ளரோடு மேலே வந்து, ஒரு வாய் குடித்து, மீதியைச் செடியில் ஊற்றிவிட்டுப் போனாள். மறுநாளிலிருந்து தினமும் ஏழரைக்கு மாமியாரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து நிறுத்தினாள். "அத்தை, உப்புப் பத்தலைன்னா என்கிட்ட சொல்லுங்க, விருந்தாளிகிட்ட சொல்லாதீங்க" என்றது மூன்றாம் நாள் இலை. மாமியார் இறங்கிப் போனார், அதற்குப் பிறகு விருந்தாளிகளிடம் உப்பைப் பற்றிச் சொல்லவில்லை. அவ்வளவுதான், நேரில் சொல்ல வாய் வராததையெல்லாம் டம்ளரில் கொண்டுவந்து ஊற்ற ஆரம்பித்துவிட்டோம். பக்கத்துத் தெருவிலிருந்து வந்தார்கள். கையெழுத்துப் புரியாத டாக்டரைப் பற்றிக்கூட ஒருவர் ஊற்றிவிட்டுப் போனார். அங்கயற்கண்ணி யாரையும் தடுக்கவில்லை. தண்ணீரோடு வாசலில் நிற்பவரை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை, தவிர, தண்ணீர் நின்றால் சோணைமுத்துவின் முறை வருமுன் செடி போய்விடுமோ என்றும் பயம். அவள் செடி வளர்த்தவள் இல்லை. எழுமலையில் அவள் அப்பாவுக்குச் சைக்கிள் கடை. வாடினால் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதுதான் செடியைப் பற்றி அவளுக்குத் தெரிந்த ஒரே விஷயம்.

மூன்றாம் மாதம் இலைகள் மஞ்சளாயின. தண்டு அடியில் தொட்டால் அமுங்கியது. குவளையைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவில் கறுப்பு ஈக்கள் பறந்தன, ஊறவைத்து மறந்துபோன உளுந்து போல ஒரு வாடை வந்தது. இலைகள் துவண்டு தொங்கின. பாவம், தாகம் போல என்று அங்கயற்கண்ணி ஒரு டம்ளர் ஊற்றினாள், நாங்களும் ஆளுக்கொன்று ஊற்றினோம். அரிசி கழுவிய தண்ணீர் நல்லது என்றார் ஒருவர், அதையும் ஊற்றினோம். மறுநாள் இன்னும் தொங்கியது.

பேச்சும் கெட்டது. முதலில் சளி பிடித்தது போல ஆனது. பிறகு எப்போதோ சொல்லி முடித்த பழைய சொற்களெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. ஒரு நாள் காலை, படி நிறைய ஆட்கள் இருக்கும்போது, பர்வதவர்த்தினி டீச்சரின் குரலில் செடி, "உங்க வீட்டுக்காரரு எங்க வீட்லதான் இருக்கு, கேத வீட்ல அத எப்படிக் கேக்குறது" என்றது. கணவர் இறந்த பிறகு அங்கயற்கண்ணி வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். டீச்சர் சிரிக்கவில்லை. அந்த வாரத்திலேயே இது போல இன்னும் மூன்று வந்தன, இரண்டு வீட்டில் பேச்சுவார்த்தை நின்றது. ஞானதிரவியம் சார் மேலே வந்தார்.

"ஏம்மா, இத எடுத்துப் போட்டுருவோம். இதுனால குடும்பம் கெடுது."

"பத்து நாள் குடுங்க சார்."

"பத்து நாள்ல என்ன ஆகப்போகுது?"

"அவரு இன்னும் பேசல சார்" என்றாள்.

சார் குனிந்து குவளையைப் பார்த்தார். பிறகு, "சரி, பத்து நாள்" என்று இறங்கிப் போனார்.

அழகர்கோயில் சாலையில் ஸ்டெல்லா என்பவர் நர்சரி வைத்திருந்தார். அங்கயற்கண்ணி குவளையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள், சோணைமுத்து ஓட்டிய அதே தடம். ஸ்டெல்லா குவளையைத் தூக்கி அடியைப் பார்த்தார்.

"ஓட்டை எங்கக்கா?"

"இப்படியேதான் கல்யாணத்துல குடுத்தாங்க. தரை நனையாதுல்ல, நல்லதுன்னு நெனைச்சேன்."

"தெனம் எவ்வளவு தண்ணி ஊத்துறீங்க?"

"நான் எங்க ஊத்துறேன், வர்றவங்க ஊத்துறாங்க. ஒரு பத்து டம்ளர் இருக்கும்."

ஸ்டெல்லா தலையில் கைவைத்துக்கொண்டார். "இல தொங்குனா தாகம்னு நெனைச்சு இன்னும் ஊத்திருப்பீங்க. தாகம் இல்லக்கா இது, மூச்சு முட்டல். வேரு தண்ணிக்குள்ளேயே கெடந்தா அழுகிரும். அழுகுன வேரு தண்ணிய மேல ஏத்தாது. நீங்க கொடம் கொடமா ஊத்துறீங்க, அது காஞ்சு சாகுது."

"என்ன செய்யணும்?"

"வெளிய எடுத்து வேரக் கழுவுங்க. கறுப்பா, கொழகொழன்னு இருக்கிறத ஒண்ணு விடாம வெட்டுங்க. பாவம் பாக்காதீங்க. வெள்ளையா, தொட்டா கெட்டியா இருக்கிறத மட்டும் விடுங்க. அர நாள் காத்தாட வச்சுட்டு, அடியில ஓட்ட போட்ட சட்டியில, தேங்கா நாரும் மணலும் கலந்து காஞ்ச மண்ணுல வைங்க. பத்து நாளைக்கு ஒரு சொட்டுத் தண்ணி காட்டக் கூடாது. அப்புறமும் வெரல மண்ணுல ரெண்டு கணு விட்டுப் பாத்து, காஞ்சிருந்தாத்தான் ஊத்தணும்."

"தேறலைன்னா?"

"தேறலைன்னா தண்ணி தெளிச்சு விட்டுருங்க."

"தண்ணியே கூடாதுன்னீங்க?"

"ஐயோ அக்கா, ஆசைய விட்டுருங்கன்னு சொன்னேன்."

"அது முடியாது" என்று சொல்லிவிட்டு, ஒரு பை மண்ணை வாங்கிக்கொண்டு அங்கயற்கண்ணி திரும்பி வந்தாள்.

அன்று மத்தியானம் ஹாலில் பேப்பரை விரித்து, கத்தரிக்கோலை வெந்நீரில் கழுவி வைத்துக்கொண்டு, செடியைக் குவளையிலிருந்து தலைகீழாகக் கவிழ்த்தாள். மண் வரவில்லை, சேறு வந்தது. நாங்கள் வாசலில் நின்றோம். வேர்கள் கறுத்து, இழுத்தால் தோல் தனியாகக் கழன்று நூல் மட்டும் கையில் வந்தது. எந்த வேரில் யாருடைய சொல் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது. வெட்டுகிற கறுப்பு வேர் சோணைமுத்துவினுடையதாக இருந்தால் அதோடு முடிந்தது. அவள் கத்தரிக்கோலை வேரருகே கொண்டுபோய், திரும்ப எடுத்தாள்.

"கயலு, வெட்டாத. என்னோடது இன்னும் ரெண்டு உள்ள இருக்கு" என்றார் பர்வதவர்த்தினி டீச்சர்.

"யார்கிட்ட சொல்லணுமோ நேர்ல போயிச் சொல்லிருங்க டீச்சர்" என்று சொல்லி அங்கயற்கண்ணி முதல் வேரை வெட்டினாள்.

வெட்டிய வேர்கள் எதுவும் பேசவில்லை. நாறிய தண்ணீர் கொஞ்சம் கசிந்தது, அவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் பேப்பர் நிறைந்தது. எங்களில் சிலர் அப்போதே இறங்கி அவரவர் வீட்டுக்குப் போனார்கள், சில வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் பேசும் சத்தம் கேட்டது. கடைசியில் தண்டின் அடியில், மற்ற எல்லாவற்றுக்கும் உள்ளே, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரே ஒரு வெள்ளை வேர் மிஞ்சியது. அவள் அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். கெட்டியாக இருந்தது. சாயங்காலம் வரை காற்றாட வைத்துவிட்டு, சோணைமுத்துவின் மதியச் சாப்பாட்டு டப்பாவை எடுத்து, ஆணியும் அம்மிக் குழவியும் கொண்டு அடியில் ஐந்து ஓட்டை போட்டு, அதில் நட்டாள்.

அதற்குப் பிறகு அவள் செய்ய வேண்டியிருந்த வேலை, ஒன்றும் செய்யாமல் இருப்பது. மஞ்சளாகி விழுந்தது போக மிஞ்சியிருந்த நாலு இலையில் மூன்று உதிர்ந்தன. பத்தாம் நாள் ஞானதிரவியம் சார் வந்து, எட்டிப் பார்த்துவிட்டு, கெடு பற்றி ஒன்றும் சொல்லாமல் போனார். வருகிறவர்கள் எல்லோரும், "பாவம், ஒரு வாய் ஊத்தேன்" என்றார்கள். அவள் வாசலிலேயே நின்று, கொடுத்த தண்ணீரை அவர்கள் குடித்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்து, காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள். எங்கள் பிளாட்ஸில் தண்ணீரை மிச்சம் வைக்கும் பழக்கம் அப்போதுதான் ஒழிந்தது. சில நாள் பகலில் அவள் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு செடி முன்னால் வந்து நிற்பதையும், விரலை மண்ணில் விட்டுப் பார்ப்பதையும், டம்ளரைத் திருப்பி எடுத்துப் போவதையும் என் வீட்டு வாசலிலிருந்து பார்த்திருக்கிறேன். கண்ணீர் விட்டாளா என்று கேட்டால், விட்டாள். டப்பாவில் விழாமல் தள்ளி நின்று விட்டாள்.

முப்பத்தைந்தாம் நாள் தண்டின் கணுவில் ஊசி போல ஒரு குருத்து வந்தது. அது விரியப் பத்து நாள் எடுத்துக்கொண்டது. நாளைக்கு விரியும் என்று தெரிந்த உடனேயே படியில் இடம் பிடிப்பது தொடங்கிவிட்டது, மூன்று வரிசைச் சட்டத்தை யாரும் மதிக்கவில்லை. என்ன சொல்லப்போகிறார் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். மன்னிப்புக் கேட்பார் என்றார்கள். எங்கோ இன்னொரு குடும்பம் இருக்கும், அதைச் சொல்வார் என்று தாழ்ந்த குரலில் சொன்னவர்களும் உண்டு. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொல்லாத அன்பான வார்த்தை ஒன்றைச் சொல்வார் என்று முதல் மாடி மருமகள் சொன்னாள். மண் காய்ந்திருந்ததால் அன்று செடிக்கு ஊற்ற வேண்டிய நாள், அங்கயற்கண்ணி டம்ளரில் தண்ணீர் பிடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

ஏழரைக்கு இலை விரிந்தது. சளி இல்லாமல், காலை நேரத்துத் தொண்டையோடு, செருப்பு மாட்டிக்கொண்டே பேசுகிற மாதிரி, சோணைமுத்துவின் குரல் சொன்னது: "கயலு, அந்தச் செடிக்குத் தண்ணி கிண்ணி ஊத்திராத. நான் நேத்தே ஊத்திட்டேன்."

இன்னும் ஏதாவது வருமா என்று காத்திருந்தோம். வரவில்லை.

"இவ்வளவுதானா?" என்றார் ஞானதிரவியம் சார்.

"அவ்வளவுதான் போல" என்று பர்வதவர்த்தினி டீச்சர் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார். ஒவ்வொருவராக இறங்கினார்கள். யாரோ இட்லி ஊற்றி வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்து ஓடினார்கள். எதிர்வீடு என்பதால் நான் மட்டும் இறங்க வேண்டியிருக்கவில்லை, என் கதவருகே நின்றேன்.

அங்கயற்கண்ணி இலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதலில் வாயைத் திறந்தது அவர்தான், ரசத்தைப் பற்றி அல்ல, செடியைப் பற்றி. பதில்தான் பாக்கி இருந்தது. கையிலிருந்த டம்ளரை எடுத்து, நின்றபடியே, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்து முடித்தாள். செடி ஒரு நாள் காத்திருக்கலாம். பிறகு டம்ளரைச் செருப்பு அலமாரியின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, ஃபேனுக்கும் கேஸுக்கும் பதில் சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

"சரிங்க, ஊத்தல."